முழுப் பேர்

என் அக்கா கிருபாவதிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, 'ங்க' கூடும். வழக்கமாக "உக்காரு" என்கிறவள் "உக்காருங்க" என்று சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் அந்த நாற்காலியில் உட்காராமல் இருப்பது நல்லது. வார்னிஷில் தண்ணீர் கலந்து விற்ற கடைக்காரர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் "ரொம்பச் சந்தோசமுங்க, நல்லா இருங்க" என்று பேசியிருக்கிறாள். அவர் இன்றைக்கும் எங்கள் தெரு வழியாக வருவதில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. பத்தாவது முடித்ததும் ஒரு பேட்டர்ன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பம்பு, மோட்டார் பாகங்களை வார்க்கிற பவுண்டரிகளுக்கு முதலில் மரத்தில் அச்சு செய்து கொடுக்க வேண்டும், அந்த வேலை. பெண்களை உப்புத்தாள் தேய்க்க மட்டும்தான் வைப்பார்கள். அக்கா தேய்த்துக்கொண்டே பார்த்துப் பார்த்து ரம்பத்துக்கு வந்துவிட்டாள். முதலாளி வரதராஜுலு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: பேப்பரில் என்ன இருக்கிறதோ அதை வெட்டு. ஒருமுறை டிராயிங்கில் ஒரு துளை இடம் மாறியிருந்தது. அக்கா தானாகவே சரி செய்து வெட்டினாள். அவள் செய்ததுதான் சரி. ஆனாலும் வரதராஜுலு அதை எல்லார் முன்னாலும் உடைத்தார். "பேப்பர் தப்பா இருந்தா வரைஞ்சவன் தல போகும். நீ யோசிச்சா உன் தல போகும்" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா யோசிப்பதை நிறுத்திவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். வெட்டும்போது யோசிப்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போது சொந்தமாக ஸ்க்ரோல் மெஷின் வைத்திருக்கிறாள். ஊசி போன்ற பிளேடு ஒன்று மேலும் கீழுமாக ஆடும். பலகையைத்தான் திருப்ப வேண்டும், பிளேடு இருந்த இடத்திலேயே நிற்கும். பலகைமேல் எழுத்தை அச்சடித்த தாளை ஒட்டி, சின்னத் துளை போட்டு, பிளேடை அதில் கோத்து, உள்ளே இருக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தால் எழுத்து நிற்கும். வீட்டுப் பெயர்ப் பலகைகள்தான் அதிகம். அவளுடைய 'காளை மாடல்' சூலூர் முதல் துடியலூர் வரை வாசல்களில் தொங்குகிறது: இரண்டு பக்கமும் காங்கேயம் காளை, நடுவில் பெயர், கீழே 'இல்லம்'.

செவ்வந்தி அந்தக் காளை மாடலைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, அதில் காளை வேண்டாம் என்றாள்.

செவ்வந்தியும் அக்காவும் ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். சூலூர் பக்கம் மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது செவ்வந்தி அவள் ஊர் ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியை. அப்பாவுக்காக ஊரிலேயே ஒரு வீடு கட்டியிருந்தாள். அவருக்கு எண்பது வயது. அறுபது வருடம் ஒரே தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். பால் காய்ச்சும் நாளில் அவர் பெயர் வாசலில் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

போனில் இருவரும் பேசிக்கொண்டதை அக்கா எனக்கு அப்படியே சொல்லிக்காட்டினாள்.

"மாட்டத் தூக்கிப்போடு புள்ள."

"மாடு இல்லாம அந்த மாடலே நிக்காது. கொம்புதான் எழுத்தப் புடிச்சிருக்குது."

"எங்கப்பா மாட்டுகூட நின்னது போதும். 'இல்லம்'கூட வேண்டாம். பேரு மட்டும் வை. பலகை முழுக்க வரோணும். முழுப் பேரும் வரோணும். வாசக்கதவுக்கு அறுத்ததுல ஒரு தேக்குப் பலகை மிச்சம் கெடக்குது, அதுலதான் வெட்டோணும். ஒட்டுப் போட்றாத."

"பெரிய ஆர்டர்தான். பேர எழுதி அனுப்பு."

"அட்மிசன் சமயம், தலைக்கு மேல சோலி கெடக்குது. அளவெடுக்க ஊட்டுக்குப் போவையில்ல, அப்பாகிட்டக் கேட்டுக்க. நாப்பது வருசமா வந்துட்டிருக்கற, பேருகூடவா தெரியாது?"

தெரியாது. அக்கா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். செவ்வந்திக்குப் பள்ளியில் 'ஐ. செவ்வந்தி' என்று இனிஷியல். அந்த 'ஐ' எதற்கு என்று யாரும் விரித்துக் கேட்டதில்லை.

அக்கா சுவரை அளக்கப் போனாள். மாமா புது வீட்டுப் படியில் உட்கார்ந்து கொத்தனாருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க முழுப் பேரு சொல்லுங்க."

"ஐயானுங் கண்ணு."

"முழுசாச் சொல்லுங்க மாமா."

"செ. ஐயான்னு போட்டுக்க. எங்கப்பன் பேரு சென்னிமலை."

அதோடு அக்கா விடவில்லை. எழுத்தில் இருப்பதைக் காட்டச் சொன்னாள். மாமா பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். அதிலும் ஐயான் என்றுதான் இருந்தது. அக்கா போட்டோ எடுத்துக்கொண்டாள். முழுப் பெயர் என்றால் இனிஷியலோடு என்று நினைத்துக்கொண்டாள். நம் ஊரில் பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் முழுப் பெயர் கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள்.

நான் மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்து இறங்கியபோது பலகை முடிந்திருந்தது. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் எழுத்துகள் நின்றன. 'ன்'னின் புள்ளி அந்தரத்தில் நிற்காது, வெட்டினால் கீழே விழுந்துவிடும். அதனால் மேல் சட்டத்திலிருந்து மெல்லிய காம்பு ஒன்றை இறக்கி அதன் முனையில் புள்ளியைத் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் காம்புக்கு மட்டும் அரைநாள் ஆனதாம். மிளகாய்க் காம்பு கனம்கூட இருக்காது. "எவனாவது செய்யட்டும் பாக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமை செவ்வந்தி பலகையைப் பார்க்க வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குள் வந்தவள் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது யாரு பேரு?"

"என்ன கேள்வி இது? மாமா பேரு."

"எங்கப்பா பேரு ஐயாசாமி."

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட? முழுப் பேருன்னு சொன்னனா இல்லியா? எங்கப்பாவுக்கு அவனுக வெச்ச பேரத் தேக்குல வெட்டி வெச்சிருக்கற. வாசல்ல மாட்டோணுமா நானு? அவனுக செத்தாலும் இந்தப் பலகை சாகாது பாரு."

"அவரு வாயில சொன்னாருங்க. ஆதார்லயும் இருந்துச்சுங்க. இருந்தத வெட்டினேனுங்க."

"எனக்கு எதுக்குடி ங்க போடற?"

"தலைமையாசிரியைங்களே. எழுதி அனுப்புங்கன்னு கேட்டனுங்களே."

செவ்வந்தி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அவள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு. ஓரமெல்லாம் செல்லரித்த பக்கம். மங்கலான மையில் 'ஐயாசாமி, த/பெ சென்னிமலை' என்று இருந்தது. மாமா இரண்டு வருடம் அந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறார். அதே பள்ளிக்கு மகள் தலைமையாசிரியையாகப் போய், பீரோவை ஒதுக்கும்போதுதான் அப்பாவின் பெயரையே முதன்முதலாகப் பார்த்தாளாம்.

"வீட்டுக்குப் போயிக் கேட்டேன். சிரிக்கறாரு. தோட்டத்துல வேலைக்குச் சேந்த அன்னிக்கு அந்த ஊட்டுப் பெரியவன் கேட்டானாமா, உம்பேரு என்னடான்னு. ஐயாசாமிங்கன்னு சொல்லியிருக்காரு. ஐயான்னா நாங்க, சாமின்னா கோயில்ல இருக்கறது, ரெண்டையும் நீ வெச்சிருந்தா நாங்க உன்ன என்னன்னு கூப்புடறதுன்னு கேட்டானாமா. கேட்டுப்போட்டுச் சாமிய வெட்டிட்டான். ஐயா மிஞ்சிப்போச்சு. அதையும் விடறதா? பின்னாடி ஒரு 'ன்' போட்டான்."

கோயம்புத்தூர்த் தமிழ் மரியாதைத் தமிழ் என்று எங்கே போனாலும் சொல்கிறார்கள். மெல்போர்ன் தமிழ்ச் சங்கத்தில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டு ரசிக்கிறார்கள். குழந்தையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற ஊர் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த 'ங்க' எந்த வாசலோடு நின்றுவிடும் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். 'அவர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அவன்' என்று வந்து விழும். மாமாவுக்கோ அந்த 'ன்' பெயரிலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ரேஷன் கார்டுக்குப் பேர் கொடுத்தது தோட்டத்து ஆள். ரேஷன் கார்டைப் பார்த்து ஓட்டர் கார்டு. ஓட்டர் கார்டைப் பார்த்து ஆதார். ஆதாரைப் பார்த்து எங்கள் அக்கா.

"உங்களுக்கென்ன" என்றாள் செவ்வந்தி. "உங்க தாத்தன் ஞானஸ்நானம் வாங்கிச் சந்தியாகுன்னு வெச்சுக்கிட்டாரு. எவனும் சுருக்கல."

"சுருக்கலையா? சந்தின்னுதான் கூப்புட்டானுக. 'அடே சந்தி, முக்குச்சந்தி'ன்னு. எங்கப்பா சொல்லுவாரு."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"வியாழக்கெழமை பால் காய்ச்சறோம்" என்றாள். "தோட்டத்து ஊட்டுலருந்து அந்தப் பெரியவனோட பேரன் வாரான். சசிதர். நான் கூப்புடல. எங்கப்பா நேர்ல போயி வெத்தலபாக்கு வெச்சுட்டு வந்திருக்காரு. முப்பது வயசுப் பையன், ஆர்.எஸ்.புரத்துல ஆபீசு வெச்சிருக்கறான், எங்கப்பாவ 'என்ன ஐயான்'ங்கறான். அவன் வாரப்ப சுவத்துல எங்கப்பா பேரு இருக்கோணும். இல்லாட்டி நான் ஊடு கட்டுனதே வீண். நீ என்ன செய்வியோ தெரியாது."

அக்கா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேக்கு அந்த ஒன்றுதான். புதிதாக வாங்கி அறுத்துக் காயவைக்க நாள் இல்லை.

"ஐயா சரியா இருக்குது" என்றாள் கடைசியில். "'ன்'ன மட்டும் வெட்டிப்போட்டுச் சாமிய ஒட்டலாம். ஒட்டுப் போடாதன்னு சொன்ன. வேற வழி இல்ல. எங்கிட்ட வாகைப் பலகை இருக்குது. கலரு வேற, தெரியும். ஸ்டெயின் அடிச்சு மறைச்சுப்போடறேன்."

"மறைக்காத" என்றாள் செவ்வந்தி. "எங்க வெட்டுனானுகன்னு தெரியட்டும்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்வந்த சேலையோடு அக்கா மெஷினில் உட்கார்ந்தாள். தாளை ஒட்டினாள். அரைநாள் பாடுபட்ட புள்ளியை, காம்போடு, 'ன'வோடு, ஒரே இழுப்பில் அறுத்துப்போட்டாள். துண்டு தரையில் விழுந்தது. காலால் மெஷினுக்கு அடியில் தள்ளினாள்.

ஒட்டுவது அவ்வளவு லேசாக இல்லை. இரண்டு பலகையிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்துப் பசை போட வேண்டும். அதற்கு எழுத்து இல்லாத வெறும் கட்டை இரண்டு விரல் அகலம் வேண்டும். அதனால் 'ஐயா'வுக்கும் 'சாமி'க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. அக்கா அதைப் பார்த்துப் பார்த்து எரிந்தாள். "வரதராஜுலு இருந்திருந்தா இத என் தலையிலயே உடைச்சிருப்பாரு" என்றாள்.

எனக்கு வேறு கவலை. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊரைப் பற்றிய பயம் மட்டும் கிலோக் கணக்கில் இருக்கும். நான் அங்கே போனில் படிக்கிற செய்திகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அக்கா, செவ்வந்தியக்கா சொல்றது நியாயந்தான். ஆனா அந்த ஆளு வர்ற அன்னிக்கே மாட்டணுமா? அவங்க போனப்புறம் மாட்டிக்கலாமில்ல? எதுக்கு வம்பு?"

அக்கா பிளேடை மாற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. இங்க இருக்கப்போறவங்க நாங்க. பயப்படறதா இருந்தா நாங்கதான் பயப்படோணும். உங்களுக்கு எதுக்குங்க அந்தச் செரமம்?"

எனக்கும் 'ங்க' வந்துவிட்டது. நான் டீ போடப் போனேன்.

வியாழக்கிழமை காலையில் பால் பொங்கியது. எண்பது தொண்ணூறு பேர் இருக்கும். பலகை வாசல் சுவரில் ஏறியிருந்தது. பாதி தேக்கு, பாதி வாகை. பாதி மஞ்சள் பழுப்பு, பாதி கறுப்பு. முன்னால் சின்னதாக 'செ.', அப்புறம் ஐயா, இடைவெளி, சாமி. வந்தவர்கள் பார்த்தார்கள். நல்லா இருக்குது என்றார்கள். பெரும்பாலானவர்கள் படிக்காமல்தான் சொன்னார்கள்.

சசிதர் பத்து மணிக்கு மேல் வந்தான். வெள்ளைக் காரை நிறுத்திவிட்டு கேட்டிலேயே குரல் கொடுத்தான்.

"என்ன ஐயான், ஊடெல்லாம் பலமாக் கட்டிப்போட்ட?"

மாமா புது வேட்டியில் விறுவிறுவென்று போனார். "வாங்க தம்பி, வாங்க. ஊட்டுல மத்தவங்க வரலீங்களா?" தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. செவ்வந்தி சமையலறைச் சன்னலில் நின்றாள். கையில் கரண்டி அசையாமல் இருந்தது.

சசிதர் பலகையைப் பார்த்தான்.

"இதென்ன ஐயான், ரெண்டு கலர்ல? யாரு பேரு?"

மாமா கூச்சமாகச் சிரித்தார். "புள்ளைக ஏதோ ஆசைக்குச் செஞ்சிருக்குதுகங்க தம்பி. நீங்க உள்ள வாங்க, சாப்புடலாம்."

நான் அக்காவைத் தேடினேன். அவள் ஏற்கனவே வாசலில் இருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள்.

"ஏனுங்க" என்றாள். "வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களாங்க? அந்தப் பலகை நான் வெட்டினதுங்க. ஒரு சின்ன ஒத்தாசைங்க. ஒட்டுப் போட்ட பலகை, தூரத்துலருந்து எழுத்து படிக்க வருதான்னு பாக்கோணுங்க. எங்க கண்ணு பழகிப்போச்சுங்க. நீங்க புதுசாப் பாக்கறீங்க, படிச்சவங்க. அங்க கேட்டுகிட்ட நின்னு ஒருக்கா படிச்சுச் சொல்றீங்களாங்க?"

இவ்வளவு மரியாதையாக யார் கேட்டாலும் மறுப்பது கஷ்டம். இரண்டு எட்டு பின்னால் வைத்தான்.

"செ... ஐயாசாமி" என்றான், வாய்க்குள்.

"கேக்கலீங்க. உள்ள மிக்சி ஓடுதுங்க."

மிக்சி ஓடவில்லை. செவ்வந்தி அப்போதுதான் அதைப் போட்டாள்.

சசிதர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் சத்தமாகப் படித்தான். இடைவெளியில் நிறுத்தித்தான் படிக்க முடிந்தது. பலகை அப்படித்தான் இருந்தது.

"ஐயா. சாமி."

மாமா அவனுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரோ பெரிய மனுசர் வந்திருக்கிறார் என்று ஒதுங்கி வழிவிட ஒரு காலை நகர்த்திக்கூட வைத்துவிட்டார். பின்னால் யாரும் இல்லை. பூசி முடித்த சுவர்தான் இருந்தது.

மிக்சி நின்றது.

அக்கா போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "உங்களத்தான் மாமா கூப்புடறாங்க. என்னன்னு கேளுங்க."

மாமா அக்காவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு சசிதரைப் பார்த்தார். துண்டை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் இருந்து, கடைசியில் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க தம்பி?" என்றார்.

சசிதர் வாயைத் திறந்தான். "ஒண்ணுமில்ல" என்று தொடங்கியவன் அதற்குப் பின்னால் எதையோ சொல்லப்போய் நிறுத்திக்கொண்டான். "ஒண்ணுமில்ல. ஊடு நல்லாருக்குது."

உள்ளே வந்தான். செவ்வந்தி இலை போட்டாள். சாப்பிட்டான். கேசரி நன்றாக இருக்கிறது என்றான். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டான், மாமா பதில் சொன்னார். போகும்போது "வாரேன்" என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னான். கார் கிளம்பியதும் எனக்கு மூச்சு வந்தது.

அன்று திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். "பாத்தியா, பலகையப் படிச்சதுக்கப்புறம் அவன் ஐயான்னு ஒருக்காக்கூடச் சொல்லல."

"ஐயாசாமின்னு சொன்னானா?"

"இல்ல."

"வேற எப்படிக் கூப்புட்டான்?"

யோசித்துப் பார்த்தேன். எப்படியும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசியவன், மாமாவைப் பெயரோ முறையோ ஒன்றும் சொல்லாமலே பேசிவிட்டுப் போயிருந்தான்.

"எம்பது வயசுல கெடச்சது அதுதான்" என்றாள் அக்கா. "அவன் வாயிலருந்து ஒரு பேரப் புடுங்கினோம். இன்னொண்ணு குடுக்க அவனுக்கு வாய் வரல." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன விடு. அவன் மேலகூட எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. மாமா திரும்பிப் பாத்தாரு பாரு. அத நெனச்சாத்தான் எதையாவது எடுத்து உடைக்கோணும்போல இருக்குது."

பஸ் சிங்காநல்லூரைத் தாண்டியது. பிறகு போனை எடுத்துச் செவ்வந்தியைக் கூப்பிட்டாள். சுற்றிலும் ஆள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், பஸ் சத்தத்துக்கு மேலே பேசினாள்.

"புள்ள, நாளைக்கு லீவு போடு. ஆதார்ல பேரு மாத்தறதுக்குப் போறோம். ஆமா, நாளைக்கே. அந்தப் பதிவேட்டப் பேப்பர்ல எடுத்துட்டு வா. போட்டோ ஒத்துக்கமாட்டாங்க. இல்ல, மாமாகிட்டக் கேக்காத. கேட்டா வேண்டாம்பாரு. கூட்டிட்டு வா, அவ்வளவுதான். கவுண்டர்ல பேரு கேட்டா அவரு வாயாலதான் சொல்லோணும். பஸ்ல வாரப்பவே சொல்லிப் பழக்கு. வரலீன்னா திரும்பச் சொல்ல வை. என்னது? பக்கத்துல நின்னு கேட்டுட்டாரா? அழுவறாரா? அழுவட்டும். அழுதுட்டே சொல்லட்டும்."